தூசி நுழையாத அறையில் ஒரு பூஜை

பெரிய நாடுகள் கணினிச் சில்லுகளைத் தங்களுக்குள்ளேயே பூட்டிக்கொண்ட பிறகு, நம்மிடம் மிஞ்சியது சில்லு அச்சடிக்கும் ஒரே ஓர் இயந்திரம். அதற்காக ஓசூரில் தூசி நுழையாத ஓர் அறையைக் கட்டினோம். அங்கே வேலை செய்யும் நாங்கள் முகத்துக்குப் பவுடர்கூடப் பூசக்கூடாது.

முதலில் அச்சடிக்கவிருந்தது பேஸ்மேக்கர்களுக்கான சில்லுகளை. என் கணவர் கபிலன் அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தார்; அவர் நெஞ்சிலிருந்த பழைய கருவி தளர்ந்துவிட்டது.

ஆயுத பூஜையன்று அமைச்சர் வந்தார். மாலையும் கற்பூரத் தட்டுமாகப் பின்னால் ஒரு கூட்டம்.

“சார், துளி தூசி போனாலும் மெஷின் அவ்வளவுதான். பூஜையை வெளியவே வச்சுக்கலாம்” என்றேன்.

“ஏம்மா, நம்ம மெஷினுக்கு நம்ம சாமி ஆகாதா?” என்றார் அமைச்சர். கூட்டம் கைதட்டியது. வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கிய எங்கள் இயக்குநர் குனிந்து கதவைத் திறந்துவிட்டார். லென்ஸுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் தூவி, கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காயை மட்டும் வாசலில் உடைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அலாரம் அலறியது.

“பாத்தீங்களா, மெஷினே மணியடிக்குது!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அமைச்சர். இயந்திரம் செத்துவிட்டதென்று தெரிந்தும் இயக்குநரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் கதவைச் சாத்திய நாடுகளில் இருந்தார்கள்.

புறப்படும்போது அமைச்சர், இயந்திரத்திலிருந்து வழித்த குங்குமத்தை என் கையில் கொட்டினார்.

“வீட்டுக்காரருக்கு முடியலையாமே? நெத்தியில வச்சுக்கம்மா. தீர்க்கசுமங்கலியா இருப்பே.”