வட்டமாக நிற்கும் நெருப்பு

துரை பாதி சுருட்டைத் தரையில் விட்டெறிந்து, மலாயில் "குப்பை" என்று சொன்னதும் மீரான் ராவுத்தருக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது.

குப்பையாம்! மலாக்காவின் காஜா பெராங்கில் பதினெட்டு வருஷமாகச் சுருட்டுக்கடை வைத்திருப்பவரைப் பார்த்து, திண்டுக்கல் இலையைத் தவிர வேறெதையும் தொடாத கையைப் பார்த்து, குப்பையாம்!

குனிந்து பொறுக்கினார். ஒரு பக்கம் முக்கால் அங்குலம் எரிந்து உள்ளே போயிருந்தது. மறுபக்கம் தீ தொடவே இல்லை.

ஒரு மாதமாக இந்தப் பங்களாவிலிருந்து இதே புகார். இன்றைக்கு ஆளனுப்பிக் கூப்பிட்டு, மற்ற துரைமார் வீடுகளிலும் சொல்லிவிடப் போகிறேன் என்ற மிரட்டல் வேறு. வியாபாரம் போனால் போகட்டும். பெயர் போனால் திரும்பி வருமா?

"நெருப்பு வட்டமா நிக்கும் துவான், அதான் என் சுருட்டு. கோணி எரிஞ்சா இந்த மீசைய எடுத்துடுறேன்!"

மலாயில் ஆரம்பித்தவர் ஆத்திரத்தில் தமிழில் முடித்துவிட்டார். துரைக்குப் புரிந்ததோ இல்லையோ, வாசலில் நின்ற தமிழ்ப் பியூனுக்கு நன்றாகப் புரிந்தது. பொழுது சாய்வதற்குள் மலாக்கா முழுக்கப் பரவிவிடும்.

பரவட்டுமே. எனக்கென்ன பயம்?

கையோடு கொண்டுவந்த பெட்டியிலிருந்து புதிய சுருட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். சில பேர் செய்கிற மாதிரி நுனியைக் கொண்டுபோய் நெருப்பில் திணிக்கவில்லை. தீக்குச்சியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டை உருட்டி உருட்டி நுனி முழுவதையும் சூடேற்றினார். பிறகு உருட்டிக்கொண்டே மெதுவாக இரண்டு இழுப்பு. காசு வைத்து வரைந்த மாதிரி வட்டமாகப் பிடித்துக்கொண்டது. ஒரு நூல்கூடக் கோணல் இல்லை.

"பாருங்க" என்று நீட்டினார்.

துரை வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலிக்குப் போனார். தலைக்கு மேலே கயிறு கட்டி இழுக்கும் பங்கா ஆடிக்கொண்டிருந்தது. பத்து இழுப்புக்கூட ஆகவில்லை, நெருப்பு இடப்பக்கமாகச் சரிந்தது.

ராவுத்தர் அண்ணாந்து பார்த்தார். அந்தத் துணி விசிறி ஒரு பக்கம் வெடுக்கென்று போனது, மறுபக்கம் நோயாளி மாதிரி ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு வெடுக்குக்கும் காற்று சுருட்டின் ஒரே பக்கத்தில் அடித்தது.

அட படுபாவி! கயிறு இழுக்கத் தெரியாத ஒருத்தனால் என் மானமல்லவா போகிறது!

அவன் பிடரியைப் பிடித்து இழுத்து வந்து துரை முன்னால் நிறுத்தியே தீருவது என்று, கயிறு போன வழியே வீட்டின் பின்பக்கம் ஓடினார்.

சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து கயிறு இழுத்துக்கொண்டிருந்தவன் நாகப்பன். காஜா பெராங் செட்டிமார் தெருக்காரன். தினமும் அவர் கடையைத் தாண்டிப் போகிறவன். பெயர்தான் தமிழ், வாயைத் திறந்தால் மலாய்.

திட்ட வாயைத் திறந்தவரின் கண் அவன் காலில் விழுந்தது.

நீட்டியிருந்த காலில், கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சூட்டுத் தழும்புகள். கயிறு இழுக்கையில் கண் அசந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. எல்லாம் வட்டம். ஒரு நூல்கூடக் கோணல் இல்லை.

அந்த அளவு ராவுத்தருக்குத் தெரியும். அவர் விரல் சுருட்டிய அளவு.

கடைசி இரண்டு மட்டும் வட்டமாக இல்லை. கோணி எரிந்த சுருட்டின் நுனிபோல, பிறை மாதிரி இருந்தன.

நாகப்பன் அந்த இரண்டையும் தொட்டுக் காட்டினான். நல்ல சேதி சொல்லுகிறவன்போல முகம் மலர்ந்தது.

"செப்பாரோ சாஜா, பாங்."

பாதிதான் அண்ணே, பாதிதான்.

சொல்லிவிட்டுக் கயிற்றை மறுபடி வெடுக்கென்று இழுத்தான்.

பாவித் துரையே, நான் பார்த்துப் பார்த்துச் சுருட்டியதை இதற்கா வாங்கினாய்? உள்ளே போய் அந்தச் சுருட்டை வாங்கித் துரையின் கழுத்திலேயே அழுத்தினால் என்ன? அழுத்தினால் தனக்கு ஜெயில். அது போகட்டும். பங்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் நாகப்பன் கால் என்ன ஆகும்?

உள்ளே போனார். துரை புருவத்தைத் தூக்கினார்.

"என் சரக்குதான் கெட்டுப்போச்சு துவான். இனிமே உங்களுக்கு இல்லே."

பெட்டியை மூடி எடுத்துக்கொண்டார். பியூன் சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டான்.

அஸர் தொழுகை முடிந்ததும், பள்ளிவாசல் கிணற்றடியில் ஊரின் மற்ற இரண்டு சுருட்டுக்கடைக்காரர்களையும் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பங்களாவுக்கு இனி யாரும் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. அங்கிருந்து நேரே நாவிதரிடம் போனார்.

மறுநாள் காலை செமாபோக்கிலிருந்து ஒருவர் சுருட்டு வாங்க வந்தார்.

"உங்க சுருட்டுல நெருப்பு வட்டமா நிக்குமாமே?"

கடை வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"யாரு சொன்னா? கோணிக்கிட்டுத்தான் எரியும்" என்றார் ராவுத்தர், மீசையில்லாத உதட்டைத் துடைத்துக்கொண்டு.