கடைசி முடிச்சு

கயிற்றில் இருந்தவை பதினெட்டு முடிச்சுகளா, பத்தொன்பதா என்பது இப்போது எனக்கு உறுதியில்லை. நான்காம் வகுப்பில் கடற்கரைக்குச் சுற்றுலா போனபோது முடிச்சுக்கு ஒருவராகப் பிடித்து நின்றோம். கடைசி முடிச்சு மட்டும் காலி.

"நான் சொல்றவரைக்கும் யாரும் விடக்கூடாது" என்றார் ரெஜினா டீச்சர்.

அலை கொண்டுபோன ஹமீதாவின் செருப்பை எடுக்கக் கடலில் இறங்கிய டீச்சரை அடுத்த அலை உள்ளே இழுத்தது. வரிசையின் கடைசியில் நின்ற ஹமீதா கயிற்று நுனியை வீசினாள்.

"டீச்சர், முடிச்சைப் பிடிங்க!"

பிடித்தார். எல்லோரும் இழுத்தோம்.

கரையில் வெகுநேரம் இருமினார். பிறகு அதே முடிச்சைப் பிடித்தபடி எங்களுக்குப் பின்னால் பள்ளிவரை நடந்தார்.

டீச்சர் இறந்து ஆறு வருடமாகிறது. ஹமீதா மஸ்கட்டில் நர்ஸ். மற்றவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். கயிற்றை விடலாம் என்று டீச்சர் சொல்லவேயில்லை.