கன்னத்தின் அளவு

நிவேதனா போட்டிகளில் துப்பாக்கி சுடுகிறவள். அவளுடைய ரைஃபிளுக்கு மரக்கட்டை செய்வதற்காக என் கணவர் ஸ்டீபன் அவள் கன்ன எலும்பைக் காலிப்பர் வைத்து நான்கு முறை அளந்தார். எனக்குக் கல்யாண மோதிரத்தையே குத்துமதிப்பாக வாங்கியவர்.

எட்டு வருடமாக யார் கேட்டும் தராமல் வைத்திருந்த வால்நட் மரத்தில், குறி பார்க்கும்போது அவள் கன்னம் அமரும் பள்ளத்தைச் செதுக்கினார். இன்று ரைஃபிளின் இரும்புப் பகுதியை அந்தக் கட்டைக்குள் பசை போட்டு ஒட்டும் நாள். இரும்பை ஸ்பிரிட்டால் துடைப்பது என் வேலை.

“க்ளவுஸ் போட்டுத் துடை எஸ்தர். வெறும் விரல் பட்டா எண்ணெய் ஒட்டிக்கும், அந்த இடத்துல பசை பிடிக்காது” என்றார். இருபது வருடமாக இதையே சொல்கிறார்.

பிறகு, பள்ளம் வழவழப்பாக இருக்கிறதா என்று தன் கன்னத்தை அதில் வைத்துப் பார்த்தார். எந்தக் கட்டையையும் அப்படித்தான் பார்ப்பார். இதற்கு மட்டும் கண்களை மூடிக்கொண்டார்.

நான் கையுறையைக் கழற்றினேன். பெருவிரலை என் கன்னத்தில் அழுத்தித் தேய்த்து, துடைத்து வைத்த இரும்பின் அடியில் பதித்தேன்.

“துடைச்சிட்டியா?”

“சுத்தமா இருக்குங்க.”

அவர் கட்டைக்குள் பசையைப் பூசி, இரும்பை மெல்ல இறக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். “இனிமே யாராலயும் பிரிக்க முடியாது” என்றார் பெருமையாக.

விளிம்பில் பிதுங்கிய பசையை நான்தான் துடைத்தேன், கையுறை போட்டுக்கொண்டு.