எதிர்ப்பக்கத்துக் கல்

பரிசலில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் அது அவர் பக்கம் சாயும். அதனால் தனியாகப் போகிறவர்கள் எதிர்ப்பக்கம் ஒரு கல்லை வைத்துக்கொள்வார்கள்.

போன தை மாதம் நண்பன் இனிகோ அணையில் மீன் பிடிக்கக் கூப்பிட்டபோது, காய்ச்சல் என்று போனில் பொய் சொன்னேன். படித்துக்கொண்டிருந்த நாவலில் இருபது பக்கம் மிச்சமிருந்தது.

"மாத்திரை போட்டுப் படுடா. உன் எடத்துல கல்ல வெச்சுக்கறேன். அது உன்னாட்டம் தூண்டில சிக்கலாக்காது. சாயந்தரம் மீனோட வூட்டுக்கு வர்றேன்."

சாயந்தரம் பரிசல் மட்டும் கரை ஒதுங்கியது. மறுநாள் அணையிலிருந்து அவன் உடலை எடுத்தார்கள்.

இன்று அவன் பரிசலில் நான் தனியாகப் போனேன். நடு அணையில் தூண்டில் போட்ட பிறகுதான் கல் ஏற்ற மறந்தது தெரிந்தது. பரிசல் சாயவில்லை. மதியம்வரை நான்கு ஜிலேபி மீன்கள் கிடைத்தன.

கரையில் இறங்கினேன். காலிப் பரிசல் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. காற்றும் இல்லை, அலையும் இல்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மறுபடி ஏறி உட்கார்ந்தேன். பரிசல் சமமானது.

"அன்னிக்கி எனக்குக் காய்ச்சல் இல்லடா" என்றேன்.

பரிசல் மெதுவாக என் பக்கம் சாய்ந்தது.