ஆர்டிஸ் கொடுக்காத செடி

"ஆர்டிஸ் ஒரு வேர்த்துண்டுகூட இல்லைன்னுட்டாளா?" என்று கேட்டாள் சர்ச் தோழி ஒருத்தி.

"இல்லைன்னுட்டா. இதோட நாலு வருஷம். இந்தத் தடவை விடப்போறதில்லை" என்றாள் மார்லிஸ்.

சர்ச் செடி விற்பனைக்கு ஊரே தன் தோட்டத்தைத் தோண்டிப் பங்கு கொடுக்கும். மினசோட்டா பனிக்கே அசராத செடிகள். பிரித்துக் கொடுத்தால்தான் அவையும் தழைக்கும். ஆர்டிஸ் மட்டும் ரூபார்ப் தண்டு போட்ட ஒரு கேக்கை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். அவள் வேலியோரமோ லேடீஸ் மேண்டில் செடி புதர் புதராக, இலைகளில் மழைத்துளியை ஏந்திக்கொண்டு நிற்கும்.

வெள்ளிக்கிழமை ஆர்டிஸ் பல் வைத்தியரிடம் போயிருந்தாள். மார்லிஸ் மண்வெட்டியோடு உள்ளே நுழைந்தாள்.

வாசலில் நின்ற பியோனிப் பூச்செடியைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆர்டிஸின் புருஷன் இறந்தபோது, ஆறுதலாக இருக்கட்டும் என்று தன் அம்மா வீட்டிலிருந்து தோண்டி, நேரே இங்கே கொண்டுவந்து மார்லிஸே நட்டுக்கொடுத்தது. வாங்கத் தெரிகிறது, கொடுக்கத்தான் கை வரவில்லை.

ஒரு புதரைப் பெயர்த்து, அங்கேயே பிரித்து, ஆறு தொட்டிகளில் வைத்து நேரே சர்ச்சுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மறுநாள் காலை கேக்கோடு வந்த ஆர்டிஸ், தொட்டிகளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பணப்பெட்டியில் நோட்டுகளைப் போட்டாள். தொட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். ஒருத்தி ஏற்கெனவே கையில் எடுத்திருந்த ஆறாவதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தன் செடியைத் தானே விலை கொடுத்து வாங்குகிற கருமியை இப்போதுதான் பார்க்கிறோம் என்று பின்னால் சிரித்தார்கள்.

மார்லிஸ் கார் வரைக்கும் துரத்திக்கொண்டு போனாள்.

"திருடினது நான்தான். போலீஸ்ல வேணும்னாலும் சொல்லிக்கோ. ஆனா ஊருக்கு ஒரு துண்டு கொடுத்தா நீ என்ன குறைஞ்சா போயிடுவே?"

ஆர்டிஸ் ஒரு தொட்டியைக் காரின் பின்பெட்டிக்குள் கவிழ்த்தாள். மண் காப்பித்தூளாக உதிர்ந்தது. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு புழு பாம்பாய்த் துள்ளியது.

மார்லிஸ் ஓரடி பின்வாங்கினாள். துள்ளும் புழு. மண்புழு ஜாதிதான், ஆனால் எந்தத் தோட்டத்தில் நுழைந்தாலும் மண்ணைச் சக்கையாக்கிவிடும். மருந்து கிடையாது.

"இதோட முட்டை கண்ணுக்கே தெரியாது. ஒரு தொட்டி வித்துப்போயிருந்தாலும் இன்னொரு தோட்டம் போயிருக்கும்" என்றாள் ஆர்டிஸ். "என் ஹோஸ்டா செடியெல்லாம் போச்சு. இதுதான் பிடிவாதமா நிக்குது."

"நாலு வருஷமாவா? கருமி கருமின்னு ஊரே பேசுச்சே, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்றதுக்கு என்ன? எவ கொடுத்தாளோ அவ பேரைச் சொல்லேன்."

ஆர்டிஸ் பின்பெட்டியை மூடினாள். மண் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"புழு வந்த அந்த வருஷம் என் தோட்டத்துக்குள்ளே புதுசா வந்தது ஒரே ஒரு செடிதான், மார்லிஸ். உங்கம்மா வீட்டு பியோனி."