பிரஷர் பட்டை

வருடக்கணக்கில் அலைந்து கிடைத்த வேலை. சேருமுன் மருத்துவப் பரிசோதனை. ஞானதுரையின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

“முப்பத்தஞ்சு வயசுல இவ்வளவு பிரஷரா? ரிப்போர்ட்ல வயித்துல புண்ணுன்னு வேற இருக்கு. இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?”

“வேலை தேடுனேன் சார். சம்பாதிக்காதவன் வீட்ல எல்லாரும் சாப்ட்டு எழுந்தப்புறம்தான் தட்டுல கை வைக்கணும். அதுல வந்த புண்ணு.”

“அன்ஃபிட்னுதான் எழுத முடியும்.”

“எழுதுங்க. எதனால வந்துச்சுன்னும் சேத்து எழுதுங்க.”

டாக்டர் பட்டையைக் கழற்ற வந்தார். ஞானதுரை கையைக் கொடுக்கவில்லை. ரப்பர் பந்தைத் தானே பிடித்து அழுத்தத் தொடங்கினான். பிரஷர் மீட்டரின் முள் ஏறிக்கொண்டே போனது. திறந்திருந்த கதவுக்கு வெளியே, அதே பரிசோதனைக்கு முறைக்காக நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சட்டைக் கையையும் பட்டைக்காக மடித்துவிட்டுக்கொண்டார்கள்.