கோச் பாதர்

ஐ.சி.யூ. வாசலில் உட்காரப் போட்டிருந்த மர வாங்கிலிருந்து இறங்கி, ஜெயராணி என் முன்னால் முழங்காலிட்டாள்.

"பாதர், நான் ஒரு பாவம் செஞ்சிருக்கேன். எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆகுறதுக்குள்ள அத உங்ககிட்ட சொல்லிறணும்."

நான் பாதர் இல்லை. கண்டியில் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து கோச்.

அம்பிட்டிய குருமடத்தில் ஐந்து வருஷம் இருந்தவன்தான். அங்கே பூசை வைக்கப் படித்ததைவிட, பின்னேரங்களில் பந்து போடப் படித்ததுதான் அதிகம். ஆறாவது வருஷம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பிள்ளைகள் அந்தக் கதையை எப்படியோ மோப்பம் பிடித்து எனக்குக் கோச் பாதர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். போகப்போகக் கோச் தேய்ந்து பாதர் மட்டும் நின்றுவிட்டது.

நான் மறுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் அவர்களை வட்டமாக நிற்கவைத்து ஜெபிப்பேன். பாதர் ஜெபம் பண்ணினால் பந்து தானாக விழும் என்று அணியில் இருந்த முஸ்லிம் பையன் பஹ்மிகூடச் சொல்லிச் சிரிப்பான்.

ஜெயராணியின் மகன் டிலுக்சன், வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பாதர் சொன்னார், பாதர் சொன்னார் என்றுதான் பேசுவானாம். அவள் நம்பிவிட்டாள். டிராக் சூட் போட்ட பாதரைப் பார்த்தும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

திகனையில் ஒரு கார்மெண்ட்ஸில் தைக்கிறவள். தகவல் கிடைத்ததும் ஓடி வந்திருக்கிறாள். வேலைக்குக் கட்டும் தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னால், அரையிறுதி ஆட்டத்தின் மூன்றாவது குவாட்டரில், டிலுக்சன் ஓடி வந்து எம்பிப் பந்தைப் போட்டான். யாரும் அவனைத் தொடவில்லை. பந்து கூடைக்குள் விழுந்தது. தரையில் விழுந்த அவன் எழும்பவில்லை.

நான் பாதர் இல்லை அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சிலுவை அடையாளம் போட்டுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டேன்.

தை மாதம் கிளினிக்கில் டொக்டர் சொன்னாராம், இவனுக்கு இருதயம் பெருத்திருக்கிறது, இனி ஓடவே கூடாது என்று. பாடசாலைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதமும் தந்தாராம்.

பந்து இல்லாவிட்டால் ஹொஸ்டல் இல்லை. ஹொஸ்டல் இல்லாவிட்டால் அந்தக் கல்லூரியே இல்லை. ஏ.எல். பரீட்சை முடிய இன்னும் ஒரு வருஷம்தான், அதுவரைக்கும் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருக்கிறாள். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கடிதத்தை மகன் கையில் கொடுத்து, கிழித்துப் போடச் சொல்லிவிட்டுத் திகன பஸ்ஸில் ஏறியிருக்கிறாள்.

கிழித்ததைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

இல்லை என்றாள். ஆனால் அவன் தன் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை என்றாள்.

உள்ளே ஏதோ மெஷின் விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது. ஒரு தாதி எங்களைத் தாண்டி ஓடினாள். கதவு மூடிக்கொண்டது. ஜெயராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு மன்னிப்பு இருக்கா, பாதர்?"

மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை. உண்மையான பாதர் ஒருவரைக் கூட்டி வருவதென்றால் அரை மணித்தியாலமாவது வேண்டும். அந்தக் கதவு அவ்வளவு நேரம் தருமா என்று எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்பு தராவிட்டாலும் பைபிளையாவது தன் தலையில் வைத்து ஜெபிக்கச் சொன்னாள். அது எப்போதும் என் பையில் இருக்கும் என்று மகன் சொல்லியிருக்கிறான்.

வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். கைகள் அதற்குள் பையின் சிப்பைத் திறந்துவிட்டன.

விசிலுக்குப் பக்கத்தில் இருந்ததை வெளியே எடுத்தேன். பக்கங்கள் விரிந்துவிடாதபடி இரண்டு கையாலும் இறுக்கி, அவள் தலையில் வைத்து அழுத்தினேன். அந்தப் பாரத்தை ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அழுகை நின்றுவிட்டது.

என் வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை.

டிலுக்சன் அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அன்று பின்னேரமே என்னிடம் கொண்டுவந்து தந்தான். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றான், நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன் என்றான்.

இருபது வருஷக் கோச் வாழ்க்கையில் அப்படி ஓர் அணி எனக்கு அமைந்ததில்லை. ஜெபித்து முடிவெடுப்போம் என்றேன். மூன்று நாள் ஜெபித்தேன். மூன்றாம் நாள் மனதில் ஒரு சமாதானம் வந்தது. அதையே பதில் என்று எடுத்துக்கொண்டு, விளையாடு மகனே என்றேன்.

கிளினிக் முத்திரையோடு, நாலாக மடித்தபடி, அன்றிலிருந்து அது என் பைபிளில் திருப்பாடல்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

இப்போது ஜெயராணியின் தலைக்கு மேலே, என் இரண்டு கைகளுக்கும் நடுவில்.